ஆன் பிராங்கின் தந்தை

நம் மாணவியருள் பலர் ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் படித்திருப்பர். படிக்காதவரும் அப்பெயரைக் கேள்வியுற்றிருப்பர். யூதராய்ப் பிறந்த ஒரே குற்றத்துக்காக ஹிட்லரின் ஆட்களுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்து, இறுதியில் பிடிபட்டு, பதினைந்தாம் வயதில் வதை முகாமில் மாண்ட சிறுமி அவள். புத்தகத்தை மூடியதும் நம் நெஞ்சம் அவளோடே நின்றுவிடுகிறது. அந்நாட்குறிப்பில் பிம் என்ற செல்லப் பெயரோடு வந்து போகும் தந்தையைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. ஒளிந்திருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவரே. திரும்பிய பின் 35 ஆண்டுகள் வாழ்ந்தார். மனைவியும் இரு மகள்களும் இல்லாத அந்த 35 ஆண்டுகளை அவர் எவ்வாறு கழித்தார் என்பதையே இம்மலரில் சொல்ல விழைகிறோம்.

ஓட்டோ பிராங்க் 1889ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வங்கியை நடத்திவந்தார். நான்கு பிள்ளைகளுள் ஓட்டோ இரண்டாமவர். வசதிக்குக் குறைவில்லை. இளமையில் அமெரிக்கா சென்று நியூயார்க்கின் மாபெரும் பல்பொருள் அங்காடி ஒன்றில் தொழில் கற்றார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் சேர்க்கப்பட்டு 1918இல் லெப்டினன்ட் ஆனார். அப்போரில் ஜெர்மனிக்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் யூதர்கள் களம் புகுந்தனர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். தம்மை முதலில் ஜெர்மானியராகவே எண்ணி வளர்ந்தவர் அவர்.

1925இல் தம் முப்பத்தாறாம் பிறந்த நாளன்று ஈடித் என்ற மங்கையை மணந்தார். 1926இல் மூத்தவள் மார்கோ பிறந்தாள். 1929 ஜூன் 12இல் ஆன் பிறந்தாள். இரவில் குழந்தைகளை உறங்க வைக்கும் வேலையைத் தந்தையே விரும்பி ஏற்றுக்கொண்டார். நல்ல பவுலா, கெட்ட பவுலா என்று இரு சிறுமியரைத் தாமே கற்பனை செய்து கதை கதையாய்ச் சொல்வார். அக்காலத்துத் தந்தையரில் இப்படிப்பட்டவர் அரியர். நம் ஊரிலோ, அப்பா என்றால் கதவருகே செருப்புச் சத்தம் கேட்டதும் வீடு அடங்கிப்போகும் காலம் அது!

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதக் குழந்தைகளைப் பள்ளியில் தனித்து உட்கார வைக்கும் நிலை உருவாகிவந்தது. குடும்ப வங்கியும் நலிந்திருந்தது. ஓட்டோ தயங்கவில்லை. அவ்வாண்டே ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று, பழப்பாகு கெட்டியாக உறைவதற்கு உதவும் பெக்டின் என்னும் பொருளை விற்கும் வணிகத்தைத் தொடங்கினார். பின்னர் மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார். ஆன் மாண்டிசோரி பள்ளியில் சேர்ந்தாள். ஆறேழு ஆண்டுகள் வாழ்க்கை ஓரளவு அமைதியாகவே நகர்ந்தது.

1940 மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை ஆலந்துக்குள்ளும் புகுந்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர ஓட்டோ விண்ணப்பித்திருந்தார். ஆனால் விண்ணப்பங்கள் இருந்த ராட்டர்டாம் துணைத் தூதரகம் குண்டுவீச்சில் அழிந்தது. 1941இல் பழைய அமெரிக்க நண்பர் வழியாக மீண்டும் முயன்றார். விதிமுறைகள் இறுகிக்கொண்டே போனதால் கதவு திறக்கவில்லை. செல்வமும் செல்வாக்குள்ள நண்பரும் இருந்தவருக்கே இந்நிலை என்றால், ஒன்றும் இல்லாத ஏழைகளின் கதி என்ன? ஆலந்திலிருந்த யூதர்களுள் நான்கில் மூன்று பங்கினர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டனர்.

1942 ஜூலை 5ஆம் நாள், பதினாறு வயது மார்கோவுக்கு ஓலை வந்தது: ஜெர்மனிக்கு வேலைக்குப் புறப்பட வேண்டும் என்று. மறுநாள் காலையே குடும்பம் மறைந்தது. பிரின்சன்கிராக்ட் என்ற கால்வாய்த் தெருவில் 263ஆம் எண்ணுள்ள தம் அலுவலகக் கட்டடத்தின் பின்புறப் பகுதியை ஓட்டோ முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தார். பின்னர் வான் பெல்ஸ் குடும்பத்தார் மூவரும், பல் மருத்துவர் ஒருவரும் வந்து சேர எட்டுப் பேர் ஆயினர். அலுவலகத்தில் பணியாற்றிய நண்பர்கள் சிலர் தங்கள் உயிரையே பணயம் வைத்து உணவும் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தனர்.

புத்தகம் என்றோம். இங்கேதான் ஓட்டோவின் ஆசிரியப் பணி தொடங்குகிறது எனலாம். பகலில் கீழே வேலையாட்கள் இருப்பர். தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. காலணியோடு நடக்கக் கூடாது. வளரும் பிள்ளைகள் மூவரை அந்தச் சிறையில் எப்படி வைத்திருப்பது? ஓட்டோ அதைப் பள்ளிக்கூடம் ஆக்கினார். மார்கோ, ஆன், வான் பெல்ஸ் குடும்பத்துப் பையன் பீட்டர் ஆகிய மூவருக்கும் கணக்கும் மொழிகளும் வரலாறும் கற்பித்தார். ஓர் உதவியாளரின் பெயரில் அஞ்சல் வழியாகச் சுருக்கெழுத்தும் இலத்தீனும் வரவழைத்துப் படித்தனர். அவர் தாமும் டிக்கன்சின் கதைகளை அகராதியோடு வைத்துக்கொண்டு ஆங்கிலம் பயின்றார். கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டையும் ஆன் சிறிது அறிந்திருக்க வேண்டும் என்று சிறுவர் விவிலியம் ஒன்றைத் தருவித்துக் கேட்டார். கிறிஸ்தவ நாடுகளின் நடுவே தம் இனம் வேட்டையாடப்பட்டுவந்த வேளையில் ஒரு யூதத் தந்தை இதைச் செய்தார் என்பது நம்மைச் சற்றே தலைகுனிய வைக்கிறது.

சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவந்தார். அந்த இரண்டாண்டுகளில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாள்.

1944 ஆகஸ்டு 4ஆம் நாள் காவலர் வந்தனர். வந்த அதிகாரி அங்கிருந்த பழைய இராணுவப் பெட்டியில் லெப்டினன்ட் ஓட்டோ பிராங்க் என்று எழுதியிருப்பதைக் கண்டு வியந்து, புறப்படச் சற்று நேரம் கூடுதலாகக் கொடுத்தார். நாட்டுக்காகப் போரிட்ட சேவைக்கு அந்நாடு அளித்த கைம்மாறு அந்தச் சில நிமிடங்களே! செப்டம்பர் 3ஆம் நாள் 1,019 பேரோடு இரயில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் புறப்பட்டது. அங்குப் போய்ச் சேர்ந்த இரவில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பிரித்தனர். தந்தை மகள்களைக் கடைசியாகக் கண்டது அந்த இரயில் மேடையில்தான்.

முகாமின் துயரத்தை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயுற்று முகாம் மருத்துவமனையில் கிடந்த ஓட்டோவைப் பீட்டர் தன் சொந்த மகனைப் போல் வந்து பார்த்து, கிடைத்த உணவைக் கொடுத்து உதவினான். 1945 ஜனவரியில் இரஷ்யப் படை நெருங்கியதும் கைதிகளை வேறிடம் நடத்திச் சென்றனர். தம்மோடு மருத்துவமனையில் ஒளிந்துகொள்ளுமாறு ஓட்டோ வற்புறுத்தினார். இளைஞன் நடந்துபோவதே மேல் என்று எண்ணிச் சென்றான். மவுத்தவுசன் முகாமில் இறந்தான். நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தவரை ஜனவரி 27இல் இரஷ்ய வீரர்கள் மீட்டனர்.

ஒடெசா துறைமுகம் வரை சென்று, கப்பலில் பிரான்சு வந்து, ஜூன் 3ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தார். மனைவி முகாமிலேயே இறந்துவிட்ட செய்தியை வழியிலேயே அறிந்தார். மகள்கள் பெர்கன் பெல்சன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள் என்று தெரிந்தது, நம்பிக்கை இருந்தது. திரும்பி வருவோரையெல்லாம் விசாரித்தார். ஜூலை மாதம், மார்கோவும் ஆனும் காய்ச்சலில் அடுத்தடுத்து மாண்டதை அறிந்த சகோதரியர் வழியாக அந்நம்பிக்கையும் அற்றுப்போயிற்று.

அலுவலகத்தில் உதவியவர்களுள் மீப் கீஸ் என்ற பெண்மணியும் ஒருவர். கைதான அன்று தரையில் சிதறிக் கிடந்த ஆனின் குறிப்பேடுகளையும் தாள்களையும் பொறுக்கி எடுத்து, ஒரு வரியும் படிக்காமல், அவளிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று மேசை அறைக்குள் வைத்திருந்தார். அவள் வரமாட்டாள் என்று உறுதியான அன்று அவற்றைத் தந்தையின் கையில் ஒப்படைத்தார்.

முதலில் அவரால் அவற்றைத் திறக்கவே முடியவில்லை. பின்பு நாளுக்குச் சில பக்கங்களாகப் படித்தார். படிக்கப் படிக்கத் துக்கத்தோடு ஒரு திகைப்பும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கதை சொல்லி, கணக்குக் கற்பித்து, உயரம் அளந்து பார்த்த மகள் இவள். ஆயினும் இவள் உள்ளத்தில் இவ்வளவு ஆழமான சிந்தனை இருந்ததைத் தாம் அறியவில்லை என்று உணர்ந்தார். பெற்றோர் தம் பிள்ளைகளை உள்ளபடி அறிவதில்லை என்று இதைப் பற்றி அவர் பிற்காலத்தில் பலரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். அவ்வளவு அன்பான தந்தைக்கே இது நேர்ந்தது. காலையில் அவசரமாகச் சோற்றைக் கட்டிக் கொடுத்து, மாலையில் மதிப்பெண்ணை மட்டும் கேட்கும் நாம், ஆசிரியராயினும் பெற்றோராயினும், இவ்விடத்தில் சற்று நின்று போவது நல்லது.

எழுத்தாளராக வேண்டும் என்பது மகளின் ஆசை. போர் முடிந்ததும் வெளியிடும் எண்ணத்தோடு தன் குறிப்புகளைத் திருத்தி எழுதவும் தொடங்கியிருந்தாள். தந்தை அவற்றைத் தொகுத்துத் தட்டெழுதினார். பதிப்பகங்கள் சில மறுத்தன; போரை மறக்கவே அன்று எல்லோரும் விரும்பினர். 1946 ஏப்ரலில் ஒரு வரலாற்றறிஞர் செய்தித்தாளில் பாராட்டி எழுதிய பிறகே வழி பிறந்தது. 1947 ஜூன் 25இல் ஏறத்தாழ மூவாயிரம் படிகளோடு நூல் வெளிவந்தது. 1952இல் ஆங்கிலத்தில் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று 70க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது.

தொகுத்தபோது தந்தை சில பகுதிகளை விட்டுவிட்டார். தாயைப் பற்றி ஆன் கோபத்தில் எழுதிய கடுஞ்சொற்கள் பல அவற்றுள் அடங்கும். இது சரியா? மகளின் எழுத்தில் கைவைக்கத் தந்தைக்கு உரிமை உண்டா? பலர் குறை கூறியிருக்கின்றனர். ஆனால் ஆஷ்விட்சில் ஈடித் தமக்குக் கிடைத்த ரொட்டியை மகள்களுக்காகச் சேர்த்து வைத்தார் என்று உடனிருந்த பெண்கள் சொல்லியிருக்கின்றனர். பேச இயலாத அந்த மனைவிக்காக ஓட்டோ ஒரு கணவராக நடந்துகொண்டார். நமக்கு அவரைப் பழிக்க மனம் வரவில்லை. அவர் செய்தது முழுதும் சரி என்று சொல்லவும் துணிவு வரவில்லை.

அதன் பின் கடிதங்கள் வரத் தொடங்கின. அமெரிக்காவிலிருந்து, ஜப்பானிலிருந்து, ஜெர்மனியிலிருந்தும்கூட. எழுதியவர்களுள் பெரும்பாலோர் ஆனின் வயதையொத்த சிறுமியர். அம்மா தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்றும், தனக்கு நண்பர் இல்லை என்றும், இவ்வுலகில் நன்மை உண்டா என்றும் எழுதினர். சிலர் அவரையே தந்தையாக ஏற்க விரும்பினர். ஓட்டோ பதில் எழுதினார். 1953இல் அவர் இரண்டாம் முறை மணந்த ஃபிரிட்சி அம்மையாரும் ஆஷ்விட்சிலிருந்து மீண்டவர். கணவரையும் மகனையும் இழந்தவர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் பின்னர் அருகிலுள்ள பிர்ஸ்பெல்டனிலும் இருவரும் நாள்தோறும் அமர்ந்து ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு விடை எழுதினர்.

ஆனைப் புகழ்ந்து எழுதுவோருக்கு நன்றி சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஆனை வணங்க வேண்டாம், அவரவர் வாழும் இடத்தில் ஒற்றுமைக்கும் சமாதானத்துக்கும் தம்மால் இயன்றதைச் செய்யுங்கள் என்ற கருத்தையே திரும்பத் திரும்ப எழுதினார். தாயோடு பிணங்கிய பெண்ணுக்குத் தாயின் பக்கத்தையும் எடுத்துச் சொல்வார். அமெரிக்கச் சிறுமி ஒருத்தி 1950களின் இறுதியில் எழுதத் தொடங்கியவள், வளர்ந்து மணமாகித் தாயான பிறகும் அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். தம் மகள்களின் முதுமையைக் காண முடியாதவர், பிறர் மகள்கள் வளர்வதைக் கடித உறையில் கண்டார்.

மார்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. அவளும் நாட்குறிப்பு எழுதினாள். அது கிடைக்கவே இல்லை. அமைதியானவள், படிப்பில் முதலிடம், யாருக்கும் தொல்லை தராதவள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மார்கோ இருக்கிறாள் என்பதை ஆசிரியர் அறிவர். உலகம் இளையவளையே கேட்டது. தந்தைக்கோ இருவரும் மகள்கள்.

1950களில், ஒளிந்திருந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனம் எண்ணியது. நகர மக்கள் எதிர்த்தனர். 1957 மே மாதம் ஆன் பிராங்க் அறக்கட்டளை தோன்றியது. அந்நிறுவனமே வீட்டை அறக்கட்டளைக்கு வழங்கிவிட்டது. 1960 மே 3ஆம் நாள் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கைதுக்குப் பின் மேசை நாற்காலிகளெல்லாம் அகற்றப்பட்டிருந்தன. அறைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்று ஓட்டோ சொல்லிவிட்டார். ஆன் சுவரில் ஒட்டிய திரை நடிகையரின் படங்களும் அந்தப் பென்சில் கோடுகளும் மட்டும் நின்றன. ஆனால் வெறும் நினைவிடமாக அது முடங்குவதை அவர் விரும்பவில்லை. பக்கத்திலேயே இளைஞர்களுக்கான இல்லம் அமைத்து, பல நாட்டு மாணவரும் கோடைதோறும் கூடி, இனவெறி, சமயம், போர் முதலியவற்றைப் பற்றி வாதாட வழி செய்தார். ஜெர்மானிய இளைஞரும் வந்தனர். அவர்களையும் மனமுவந்து வரவேற்றார்.

மகளையும் தம்மையும் மேடையில் காட்டிய நாடகம் 1955 முதல் நாடெங்கும் நடந்தது. அதைப் பார்க்க மட்டும் அவருக்கு நெஞ்சுரம் இல்லை, போகவே இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் அழைத்தால் போவார். பெல்ஜியம் நாட்டுச் சாமிநாதர் சபைத் துறவியும் 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான அருட்தந்தை டொமினிக் பியர், அகதிகளுக்காக ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1959இல் அமைத்த சிற்றூருக்கு ஆன் பிராங்கின் பெயரைச் சூட்டினார். அடிக்கல் நாட்டு விழாவில் ஓட்டோவும் கலந்துகொண்டார்.

மறுபுறம், 1958இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு பள்ளி ஆசிரியர் இந்நாட்குறிப்பே போலி என்ற பொருள்பட எழுதினார். எங்கே எழுதினார் தெரியுமா? ஒரு பள்ளியின் பழைய மாணவர் இதழில்! பள்ளி இதழில் எழுதும் நமக்கு இது உறுத்துகிறது. ஓட்டோ வழக்குத் தொடுத்தார். வல்லுநர்கள் கையெழுத்தை ஆராய்ந்து உண்மையென்றனர். 1961இல் அவ்வாசிரியர் தம் கூற்றை மீட்டுக்கொண்டார். இத்தகைய பொய்கள் பின்னரும் முளைத்தன. எழுபதைக் கடந்த முதியவர் சளைக்காமல் நீதிமன்றம் ஏறினார். மறதியை மன்னிக்கலாம், பொய்யை விட்டுவைக்கலாகாது என்பது அவர் நடந்துகொண்ட முறை.

அவர் பழிவாங்கவில்லை. தம்மைக் கைது செய்த அதிகாரி வியன்னா காவல்துறையில் பணிபுரிவது 1963இல் வெளிவந்தபோது, அவர் தமக்கிட்ட கட்டளையை நிறைவேற்றினார், முறையாகவே நடந்துகொண்டார் என்றே ஓட்டோ கூறினார். காட்டிக் கொடுத்தவர் யார் என்ற ஆராய்ச்சியிலும் அவர் தம் நாளைச் செலவிட விரும்பவில்லை.

நம் திருச்சபையும் கற்க வேண்டியிருந்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதரை நம்பிக்கைத் துரோகிகள் என்று பொருள்படக் குறித்த சொல்லைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1959இல் நீக்கினார். இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழிக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அறுபது இலட்சம் பேர் மாண்ட பிறகு வந்த அறிவிப்பு அது. இதை மறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதுமையிலும் அவர் மேசை ஓயவில்லை. பெல்ஜியத் தோட்டக்கலைஞர் ஒருவர் 1960இல் ஆனின் நினைவாகப் புதிய ரோஜா வகை ஒன்றை உருவாக்கியிருந்தார். 1970களில் டோக்கியோ நகரப் பள்ளி ஒன்றில் நாட்குறிப்பைப் படித்த மாணவர்கள் அந்த ரோஜாவை வளர்க்க ஆசைப்பட்டதை அறிந்து ஓட்டோ கன்றுகளை அனுப்பி வைத்தார்.

1980 ஆகஸ்டு 19ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில், பிர்ஸ்பெல்டனில் அவர் உயிர் நீத்தார். மூலக் குறிப்பேடுகளை ஆலந்து நாட்டுப் போர் ஆவண நிறுவனத்துக்கு உயில் எழுதி வைத்திருந்தார். அவர்கள் தாளையும் மையையும் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, 1986இல் ஆன் எழுதியவற்றை விரிவான பதிப்பாக வெளியிட்டனர். அதில் தாயைப் பற்றி மகள் கோபத்தில் எழுதியவையும் இடம்பெற்றன. பெற்றோரின் இல்லற வாழ்வைப் பற்றிய ஐந்து தாள்களை மட்டும் ஓட்டோ தம் நண்பர் ஒருவரிடம் தனியே கொடுத்து வைத்திருந்தார். 1998இல் அவையும் வெளிவந்தன. அவர் அவற்றை ஒளித்துத்தான் வைத்திருந்தார், கிழித்தெறியவில்லை.